இடது கையால் நிரப்பிய கோப்பை

மர்கிலான் சந்தையில் யுல்தாஷின் நாக்குக்கு ஒருமுறை விலை போட்டார்கள்: முன்வரிசையில் இரண்டு கடை, பின்னால் ஒரு கிடங்கு, மேற்கொண்டு ஒரு வெள்ளைக் கார். கோகந்திலிருந்து சரக்கெடுக்க வரும் மொத்த வியாபாரி ஒருவர் வேடிக்கைக்காகச் சொன்ன விலை. "நாக்கை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க அகா, மிச்ச ஆளை நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். யுல்தாஷ் உடனே மறுக்கவில்லை. எடுத்தவுடன் மறுப்பவன் வியாபாரியே இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "கார் எந்த வருஷத்துது?" என்று கேட்டார். கிஸ்மிஸ் வரிசை முழுக்கச் சிரித்தது.

சிரிக்க வைப்பது பாதி வேலை. மீதியைத் தேநீர் பார்த்துக்கொள்ளும். விலை கேட்டு நிற்கிறவனை உட்காரவைத்து, கைப்பிடியில்லாத நீலக் கோப்பையில் ஒரு விரல் உயரத்துக்குப் பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அது தீர்ந்ததும் இன்னொரு விரல். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், 'இருங்கள், உங்களுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை' என்று பொருள். வாங்காமல் வாயடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மட்டும் கோப்பை விளிம்புவரை நிரம்பும். குடி, கிளம்பு. அதற்குப் பிறகும் உட்கார்ந்திருக்கிறவனை அந்த ஊர் இன்னும் பெற்றெடுக்கவில்லை.

நவ்ரூஸ் பண்டிகை முடிந்த வாரம், அக்ரூட் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது தராசின் ஒரு தட்டு தானாக மேலே போவதுபோல் யுல்தாஷுக்குத் தோன்றியது. தராசு நேராகத்தான் இருந்தது. சாய்ந்தது அவர்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலது கை மடியில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. நாக்கில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "பரக்கா!" விலை படிந்ததும் இரண்டு வியாபாரிகள் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொல்கிற சொல். வாழ்நாளெல்லாம் சேர்த்த சொற்களில் எதை எடுத்தாலும் உதட்டுக்கு வருவதற்குள் அதுவாக மாறிவிட்டது. தண்ணீர் கேட்டாலும் பரக்கா. தலையணை சரியில்லை என்றாலும் பரக்கா. டாக்டர் ஊசியை எடுத்தபோது, வேண்டவே வேண்டாம் என்று அலறினார். "பரக்கா!" என்று கேட்டது. டாக்டர் சந்தோஷமாகக் குத்தினார்.

தலைக்குள் ஒன்றும் குறையவில்லை என்பதுதான் கொடுமை. அங்கே சந்தை முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. பேரம், கிண்டல், வசவு எல்லாம் உண்டு. வெளியே வரும் கதவு மட்டும் பூட்டிக்கொண்டது. ஒரு மாதம் கழித்துப் பிடிவாதமாகக் கடையில் போய் உட்கார்ந்தார். புதுசாக வந்த ஒருவன் அக்ரூட் மூட்டைக்கு அநியாயமான அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னான். 'உங்கப்பன்கிட்ட போய்க் கேளுடா இந்த விலைக்கு' என்று யுல்தாஷ் சொன்னார். "பரக்கா!" என்று அவன் காதில் விழுந்தது. செத்த கையைப் பிடித்துக் குலுக்கி, மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சொல்லும் கையும் சேர்ந்த பிறகு சந்தையில் யாரிடம் போய் முறையிடுவது? மறுநாளிலிருந்து கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். யுல்தாஷ் வீட்டு முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழே உட்கார்ந்தார்.

அவர் மனைவி சல்தனத், கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்து, "கொஞ்சம் வாயை மூடுங்களேன், காது வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது வீடு அமைதியாக இருந்தது. அவள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை முற்றத்தைக் கழுவினாள். பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். ரேடியோவை அணைக்கவே இல்லை.

மருமகள் முஹய்யோ வேறு மாதிரி. மகன் சோபித் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவள் மாமனார் வீட்டில் இருந்துகொண்டு, செவ்வாய், வெள்ளி மத்தியானங்களில் தெருவுக்கெல்லாம் பொதுவான மஹல்லா கூடத்தில் ஒரு வகுப்பு நடத்தினாள். காதால் கேட்பதைச் சின்னச் சின்னப் படமும் ஓரிரு சொல்லுமாகக் குறித்துக்கொள்வது எப்படி என்பதே பாடம். ஃபெர்கானா கல்லூரியில் படித்தபோது கற்றுக்கொண்டு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பந்தலுக்கு வந்து, அவர் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்கப்பா. என் வகுப்புல வந்து சும்மா உக்காருங்க. எனக்கு ஆள் எண்ணிக்கையாவது கூடும்."

கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ரொட்டி சுடும் ஹோசியத் இருந்தாள். ஆண் என்று பார்த்தால் டாக்ஸி ஓட்டும் எர்காஷ் மட்டும்தான். மனைவி ஃபோனில் சொல்வதில் பாதி மறந்துபோகிறதாம். "புலாவுக்கு மஞ்சள் கேரட் வாங்கிட்டு வான்னா நான் சோப்பு வாங்கிட்டுப் போறேன். அவளே மாசாமாசம் காசு குடுத்து இங்க அனுப்பி வெக்கிறா."

யுல்தாஷைக் கண்டதும் எர்காஷ் எழுந்து நின்றான். "வாங்க அகா, வாங்க! இந்த வகுப்புக்கு நான் கட்டற காசு ஜாஸ்தியா, கம்மியா? பெரிய வியாபாரி, நீங்களே சொல்லுங்க."

"பரக்கா!" என்றார் யுல்தாஷ்.

"போச்சு! சொன்ன விலைக்கே முடிச்சுக் குடுத்துட்டாரு!"

பெண்கள் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தார்கள். யுல்தாஷ் தோள் குலுங்கச் சிரித்தார். நோயில் விழுந்ததிலிருந்து எல்லோரும் அவரைப் பார்த்து இழவு வீட்டு முகம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிண்டல் செய்யத் துணிந்த முதல் மனிதன் இவன்தான்.

முஹய்யோ பலகையில் வட்டம் போட்டாள். கட்டம், முக்கோணம், கோடு, புள்ளி. "எனக்கு வரைய வராதுன்னு யாரும் சொல்லக் கூடாது. இது வருமில்ல? முக்கோணத்து மேல வட்டம் வெச்சா மனுஷன். கட்டத்து மேல முக்கோணம் வெச்சா வீடு. அழகு வேணாம். நாளைக்கு எடுத்துப் பாத்தா உங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான். பக்கத்துல ஒரே ஒரு சொல் எழுதுங்க. வரலேன்னா அதுவும் வேணாம்."

அப்புறம் ஹோசியத்தை எழுப்பி நிறுத்தினாள். "அக்கா, போன வாரம் சர்க்கரை வியாதி டாக்டரைப் பாத்தீங்களே, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. மத்தவங்க காதைக் குடுங்க. எல்லாத்தையும் பிடிக்க ஓடாதீங்க. எது காதுல நிக்குதோ அது போதும்."

ஹோசியத் சொன்னாள். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. முலாம்பழத்தை மறந்துவிட வேண்டும். வெள்ளை ரொட்டி பாதி. "ரொட்டி சுடறவளைப் பாத்து ரொட்டி திங்காதேங்கறாரு! தினம் நடக்கணுமாம். அடுப்புக்கும் மேடைக்கும் நடக்கறதெல்லாம் கணக்குல வராதாம்." எல்லோரும் சிரித்துக்கொண்டே பென்சிலைக் கீழே வைத்தார்கள். ஹோசியத் உட்காரப் போகும்போது, "கிளம்பறப்ப வேற, காலைப் பாரு, காலைப் பாருன்னு என்னமோ சொன்னாரு, வெளிய வேன்காரன் ஹார்ன் அடிச்சான், நான் ஓடியாந்துட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

யுல்தாஷ் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. சந்தையில் வாழ்ந்தவர். வாங்க வந்தவன் சத்தமாகச் சொல்வதெல்லாம் நாடகம், எழுந்து போகும்போது முணுமுணுப்பதுதான் அவனுடைய நிஜ விலை என்று அவருக்குத் தெரியும். இடது கையால், குழந்தை கிறுக்குவதுபோல், ஒரு பாதம் வரைந்தார். அதன் மேல் ஒரு கண்ணை வைத்தார்.

முஹய்யோ அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் படித்தாள். "சூரியன், மாத்திரை. நிலா, மாத்திரை. ரொட்டி பாதி. இது என்னப்பா, பந்தா? ஓ, முலாம்பழம், குறுக்கே கோடு. கடைசியா... பாதம். கண்." நிறுத்தினாள். "தினமும் பாதத்தைப் பாக்கணும். சரியாப்பா?"

யுல்தாஷ் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் தலைக்குள்ளிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வெளியே வந்து, இன்னொருவர் வாயால் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பூட்டிய கதவுக்கு ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டிருக்கிறது.

"அய்யய்யோ, அதேதான்!" என்று ஹோசியத் அங்கேயே உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். குதிகாலுக்குப் பக்கத்தில் தீக்காயம் ஒன்று. அடுப்புக் கங்கு விழுந்திருக்க வேண்டும். அவளுக்கு வலிக்கவே இல்லையாம். அன்றைக்கே டாக்டரிடம் போனாள். அடுத்த வகுப்பிலிருந்து யுல்தாஷின் இடத்தில் சூடான ரொட்டி ஒன்று காத்திருந்தது.

அதன்பின் வீட்டில் வேறு காற்று வீசியது. சாப்பிடும்போது, நடக்கும்போது, யுல்தாஷ் பென்சிலை எடுப்பார். முஹய்யோ வாசிப்பாள். படத்தின் பக்கத்தில் அதன் சொல்லை அவள் எழுதுவாள். அவர் அதைப் பார்த்து எழுதுவார். ரொட்டி. தண்ணீர். கால். எழுத்துகள் வெயிலில் படுத்த ஆடுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தாலும் சொல் சொல்தான். அவள் வெளியே போன நேரத்தில் மட்டும் அவர் மறுபடி ஊமை. சல்தனத் அந்தத் தாள்களைப் பார்க்கவே மாட்டாள். பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். அதை அவள் கோபம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முஹய்யோ அவர் பக்கத்தில் குனிந்து சொன்னாள். "அப்பா, உங்க தாள்ல எல்லாம் ஒரே கனத்துல நிக்குது. கடையில எல்லா மூட்டையையும் ஒரே மாதிரி அடுக்கினா எது நல்ல சரக்குன்னு வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்? எது ரொம்ப முக்கியமோ அதை மட்டும் கறுப்பா நிரப்புங்க." ஒரு துண்டுத் தாளில் ஐந்து கட்டம் போட்டு ஒன்றை மட்டும் கறுப்பாக்கிக் காட்டினாள். யுல்தாஷுக்கு அது பிடித்துப்போயிற்று. நல்ல சரக்கை முன்னால் வைப்பது. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வீட்டில் வெடித்தது. காய்கறிக் கடையில் யாரோ ஒருத்தி சல்தனத்திடம், "உங்க வீட்டுக்காரர் பொம்பளைங்களோட உக்காந்து பொம்மை போடறாராமே" என்று கேட்டிருக்கிறாள்.

"மர்கிலான் முழுக்க இவர் வாய்க்குப் பயந்துச்சு!" என்று சல்தனத் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப பாலர் பள்ளிப் பையனாட்டம் ஆக்கி ஊர் சிரிக்க வெச்சுட்டே. சோபித் வரட்டும், சொல்றேன். இனிமே வகுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் மாமனாரும் இதையேதான் சொல்றாரு."

நான் எங்கே சொன்னேன் என்று யுல்தாஷ் பதறி எழுந்தார். "பரக்கா! பரக்கா!" என்று கத்தினார்.

"கேட்டியா?" என்றாள் சல்தனத்.

அது அவருடைய ஒரே சொல் என்று முஹய்யோவுக்குத் தெரியும். தெரிந்தும், தீர்ப்பு மாதிரி வந்து விழுந்த அந்தச் சொல்லில் அவள் முகம் வெளுத்துவிட்டது. மாமியாரை எதிர்த்துப் பேசும் வழக்கம் மருமகளுக்கு இல்லை. காலையில் ஒரு பையோடு வந்து நின்றாள். "எங்கப்பாவைப் பாத்து நாளாச்சு. நாலு நாள் இருந்துட்டு வர்றேன்." பையிலிருந்து குளிர்காலக் கோட்டு துருத்திக்கொண்டிருந்தது. நாலு நாளுக்கு யாரும் கோட்டு எடுத்துக்கொண்டு போவதில்லை. இப்படிப் போகும் மருமகள் தானாகத் திரும்பி வரவும் மாட்டாள். புகுந்த வீட்டுப் பெரியவர் ஆள் அனுப்பி அழைக்க வேண்டும். ரிஷ்தானில் அவள் அப்பா ஒலிம் பெரிய குயவர். கோப்பைகளைத் தாஷ்கண்டுக்கு லாரி லாரியாக அனுப்புகிறவர். மகள் விஷயத்தில் ரோஷக்காரர்.

யுல்தாஷ் காத்திருந்து பார்த்தார். சல்தனத் அசையவில்லை. அப்படியானால் தானே அழைக்க வேண்டியதுதான். உட்கார்ந்து வரைந்தார். இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு, நடுவே சாலை. முக்கோணத்தின் மேல் வட்டம், வட்டத்தில் பின்னல்: அவள். 'வா' என்று எழுத வேண்டும். அந்தச் சொல்லை அவர் இன்னும் கற்கவில்லை. எவ்வளவு துழாவியும் கைக்கு வரவில்லை. வகுப்பு நோட்டீஸைப் பார்த்து 'முஹய்யோ' என்று மட்டும் எழுதினார். வந்து உட்கார், நம் வீட்டுத் தேநீர் குடி என்று சொல்வதற்கு ஒரு கோப்பை போட்டார். எல்லாவற்றிலும் முக்கியம் அதுதானே? அவள் சொன்ன பாடம் நினைவுக்கு வந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோப்பையை அடியிலிருந்து விளிம்புவரை கன்னங்கரேலென்று நிரப்பினார். கை வலித்தது. மனசு நிறைந்தது. வாழ்நாள் முழுக்கத் தேநீர் ஊற்றிய மனிதர். ஆனால் பென்சில் பிடித்த கைக்கு அந்த ஞாபகம் துளியும் இல்லை.

தாளை மடித்து எர்காஷிடம் கொடுத்தனுப்பினார். மதியத்துக்குள் அவன் திரும்பிவந்தான். தனியாக.

"என்ன எழுதினீங்களோ அகா. அவங்கப்பாதான் முதல்ல பிரிச்சுப் பாத்தாரு. பாத்துட்டு பொண்ணுகிட்ட நீட்டினாரு. அது வாங்கிக்கிட்டு உள்ள போயிடுச்சு. 'சம்பந்தி சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாரு, எங்களுக்கும் புரிஞ்சுது'ன்னாரு. தாளைக்கூடத் திருப்பித் தரல."

என்ன புரிந்தது? யுல்தாஷுக்குப் புரியவில்லை. அழைத்தும் வரவில்லை என்றால் அவ்வளவுதான் என்று நினைத்தார். பென்சிலை ஜன்னல் மேடையில் வைத்தார். அது தூசி படிய அங்கேயே கிடந்தது. ஹோசியத் ரொட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிப் போனாள். பந்தலில் திராட்சை பழுத்தது. அவர் அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அப்படி இருந்த ஒரு நாளில் சந்தைக் கமிட்டியிலிருந்து ஒரு ஆள் வந்தார். உடம்பு எப்படி என்று ஆரம்பித்து, முன்வரிசைக் கடையைப் பின்வரிசைக்கு மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் வசதி என்பதில் வந்து நின்றார். சல்தனத் போய்த் தேநீர் கொண்டுவந்தாள். கெட்டிலைச் சாய்த்தாள். சாய்த்துக்கொண்டே இருந்தாள். கோப்பை விளிம்பில் தேநீர் தளும்பி நின்றது.

யுல்தாஷ் அந்தக் கோப்பையைப் பார்த்தார். நிரம்பிய கோப்பை. குடி, கிளம்பு.

ஐயோ!

நெற்றியில் அறைந்துகொண்டு, "பரக்கா!" என்று கத்தினார்.

கமிட்டிக்காரர் பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினார். "அப்ப முடிஞ்சுது! நீங்க மனசு வெப்பீங்கன்னு எனக்குத் தெரியும் அகா." சல்தனத் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கணவரின் செத்த கையை இழுத்துத் தன் மடியில் பொத்திக்கொண்டாள். "கையைக் குலுக்கல, ஒண்ணும் முடியல. தேநீர் ஆறுது, குடிங்க." கமிட்டிக்காரர் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

யுல்தாஷ் தட்டுத்தடுமாறிப் போய்ப் பென்சிலை எடுத்துவந்தார். ஒரு வீடு, ஒரு வீடு, சாலை, பின்னல் போட்ட தலை. கறுப்பாக ஒரு கோப்பை. தாளை மனைவி முன்னால் தள்ளினார். அவள் வழக்கம்போல் முகத்தைத் திருப்பினாள். அவர் இடது கையால் அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினார். அந்தக் கோப்பையைக் குத்திக் குத்திக் காட்டினார். பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு கோப்பை போட்டு, அடியில் ஒரே ஒரு கோடு இழுத்தார்.

சல்தனத் அவர் தாளை வாசித்தது அதுதான் முதல் தடவை. உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற குழந்தைபோல் வாசித்தாள். "நம்ம வீடு... அவங்க வீடு... இது அவ. கோப்பை..." வாயில் கைவைத்தாள். "அடப்பாவி மனுஷா! கூப்பிடறேன்னு அனுப்பின தாள்ல கோப்பையை நிரப்பியா அனுப்பினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சல்தனத் எழுந்து துப்பட்டாவை எடுத்துக் கட்டினாள். "நானும் வர்றேன். கோப்பை நீங்க நிரப்பினது. அதுக்கு முன்னாடி அவளைக் கிளப்பினது நான்தானே." ஹோசியத் கொடுத்த ரொட்டிகள் இரண்டைத் துணியில் சுற்றிக்கொண்டாள். எர்காஷ் கார் வந்தது.

ரிஷ்தானில் ஒலிம் அவர்களை வாசலில் நின்று வரவேற்றார். வந்தவர் பகையாளியே ஆனாலும் விருந்தாளி. விரிப்பு விரித்தார். ரொட்டியைப் பிய்த்து வைத்தார். தானே செய்த நீலக் கோப்பையை எடுத்து, யுல்தாஷின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விளிம்புவரை நிரப்பி நீட்டினார்.

சல்தனத் வாயைத் திறந்தாள். யுல்தாஷ் கையைக் காட்டி நிறுத்தினார். கோப்பையை இடது கையால் வாங்கிக் குடித்தார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. மரத்துப்போன வாயோரமாகக் கொஞ்சம் தாடியில் வழிந்தது. குடித்து முடித்துவிட்டுக் காலிக் கோப்பையை நீட்டினார்.

ஒலிம் திகைத்துப்போனார். இப்படி ஒரு விருந்தாளியை அவர் பார்த்ததில்லை. மறுபடியும் விளிம்புவரை ஊற்றினார். யுல்தாஷ் குடித்தார். மறுபடி நீட்டினார்.

"சம்பந்தி," என்றார் ஒலிம், "நான் சொல்றது உங்களுக்குப் புரியலையா?"

"பரக்கா" என்றார் யுல்தாஷ் பணிவாக.

மூன்றாவது கோப்பையும் நிரம்பியது. கதவுத் திரைக்குப் பின்னால் இருந்த முஹய்யோவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்து கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்ப்பா. அவருக்குத் தொண்டை வெந்துடும்." யுல்தாஷ் அவள் கையை விலக்கி அதையும் குடித்து முடித்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, மடித்த துண்டுத் தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

ஐந்து கட்டங்கள். அவள் கையால் போட்டவை. ஒன்று மட்டும் கறுப்பு.

விரலால் அந்தக் கறுப்புக் கட்டத்தைத் தொட்டார். காற்றில் ஒரு கோப்பை வரைந்தார். அவள் நெற்றிக்கு நேரே விரலை நீட்டினார்.

முஹய்யோ உள்ளே ஓடிப்போய் அவர் அனுப்பிய தாளைக் கொண்டுவந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எது முக்கியமோ அதைக் கறுப்பா..." என்று தனக்குள் சொன்னாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு வந்தன. "அப்பா, இது அவர் தப்பில்ல. இது என் பாடம். அவர் என் பேச்சை அப்படியே கேட்டிருக்காரு, நான்தான் படிக்கத் தெரியாம விட்டுட்டேன். தேநீர் விஷயம் இவருக்குத் தெரியாதா, தெரிஞ்சுதானே போட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

ஒலிம் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கெட்டிலை எடுத்தார். கோப்பையின் அடி மட்டும் நனைகிற அளவுக்கு, மிகவும் மெதுவாக ஊற்றினார். "இருங்க சம்பந்தி. ராத்திரி புலாவ்."

சல்தனத் துணி மூட்டையை அவிழ்த்து ரொட்டியை மருமகள் பக்கம் நகர்த்தினாள். "நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதேடி. இத்தனை வருஷமா இவர் வாயை மூடு மூடுன்னேன். மூடினதும் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. உன் வகுப்புக்கு நானும் வர்றேன். இந்த ஆள் எழுதறதை எனக்குப் படிக்கத் தெரியணும்ல? பாதி கடிதத்துல நம்மளைத்தான் திட்டுவாரு."

"பரக்கா!" என்றார் யுல்தாஷ். இந்த முறை அதுதான் அவர் சொல்ல நினைத்ததும்.

மறுநாள் காலையில் நாலு பேருமாகக் காரில் திரும்பினார்கள். பருத்தி வயல்கள் வெடித்துக் கிடந்தன. எர்காஷ் ஓட்டிக்கொண்டே, சோப்பும் கேரட்டும் படம் போட்ட பிறகு வீட்டில் தனக்குக் கிடைக்கும் மரியாதையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். பின் இருக்கையில் மனைவிக்கும் மருமகளுக்கும் நடுவில் இருந்த யுல்தாஷ், முழங்காலில் தாளை வைத்து நடுவே ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் பின்னல் போட்ட தலை. வலப்பக்கம் தொப்பி போட்ட தலை. முஹய்யோவுக்குப் புரிந்துவிட்டது. வியாபாரி வீட்டு மருமகள்.

"பற்று வரவா அப்பா? சரி, போடுங்க."

பின்னலின் கீழே அவள் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதினார். கூடவே ஒரு சின்னப் படம். ரொட்டி, தண்ணீர், கால், கண், வீடு, மகன், மாத்திரை, உப்பு, மழை, சூரியன். கார் குலுங்கியதில் மழை கொஞ்சம் சாய்ந்துபோயிற்று. பத்தோடு நிறுத்திவிட்டுப் பென்சிலை அவள் கையில் கொடுத்தார். அவள் யோசித்து, அவர் கையைப் பிடித்து, 'வா' என்று எழுதவைத்தாள். பதினொன்று.

தொப்பியின் கீழே, ரிஷ்தானில் அவளுக்காகக் குடித்த மூன்று கோப்பைகளைப் போட்டார். மூன்றையும் விளிம்புவரை கறுப்பாக நிரப்பினார்.

சல்தனத் எட்டிப் பார்த்தாள். "என் பேரைக் காணோமே?"

ஓரத்தில் பெரிதாக ஒரு திறந்த வாய் வரைந்து காட்டினார். தோளில் ஒரு அடி விழுந்தது. அது கணக்கில் சேரவில்லை.

சொல்லையும் கோப்பையையும் எப்படிக் கழிப்பது என்று காரில் யாரும் கேட்கவில்லை. அவர் கழித்தார். கணக்கை முடித்ததற்கு அடையாளமாக அடியில் இழுக்கும் இரட்டைக் கோட்டை இழுக்காமல் தாளை மருமகளிடம் கொடுத்தார்.

முஹய்யோ கொடுத்தது, சொல் பதினொன்று. யுல்தாஷ் கொடுத்தது, கோப்பை மூன்று. பாக்கி, யுல்தாஷ் பேரில், எட்டு.